பழைய 500 ரூபாய் நோட்டுல ஒளிஞ்சிருந்த சிற்பி... ஞாயிற்றுக்கிழமை களிமண் பிசையப் போறீங்கன்னா இவரைத் தெரிஞ்சுக்கோங்க!

பழைய 500 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கா? 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாமப் போச்சே, அதேதான். நீங்க அப்ப ஸ்கூல் படிச்சிட்டு இருந்திருக்கலாம். ஆனா மண்ணரை பக்கம், ஊத்துக்குளி ரோடு பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த நோட்டு நல்லாவே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனியில சம்பளம் போட்டதும் அப்பாவோ அம்மாவோ மடிச்சு வெச்சு எடுத்துட்டு வர்ற நோட்டு அது. முன்பக்கம் காந்தி முகம். திருப்பினா, கையில தடியோட காந்தி முன்னால நடப்பார், பின்னால ஒரு கூட்டம் நடந்து வரும். தண்டி யாத்திரை.

யாரோ வரைஞ்ச படம்னுதானே நினைச்சோம்? அது டெல்லியில நிஜமாவே நிக்கிற ஒரு சிலைக் கூட்டம். பேரு 'கியாரா மூர்த்தி', அதாவது பதினொரு உருவங்கள். செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. பேரைக் கேட்டதும் நமக்கு என்ன சம்பந்தம்னு தோணும். மெரினாவுல உழைப்பாளர் சிலை முன்னாடி நின்னு எப்பவாவது செல்ஃபி எடுத்திருக்கீங்களா? அதுவும் இவர் செஞ்சதுதான். சென்னையில ஏறத்தாழ 30 வருஷம் வாத்தியாரா இருந்த மனுஷர்.

இப்ப எதுக்கு இவர் கதை? வார இறுதியில களிமண் சிற்ப வகுப்புக்குப் போறது ஒரு பழக்கமா பரவிட்டு வருது. சென்னை, கோவை மாதிரி ஊர்கள்ல ஒரு நாள் வகுப்பு, நாலு ஞாயிறு வகுப்புன்னு நடத்துறாங்க. மன அழுத்தம் குறையும், ரிலாக்ஸா இருக்கும்னு இன்ஸ்டாவுல ரீல்ஸ் வருது. திருப்பூர்ல இருக்கிற உங்களுக்கும் ஒரு கை பார்க்கலாம்னு ஆசை வந்திருக்கும். கூடவே ஒரு சந்தேகமும் வரும். வாரம் முழுக்க கையாலதான் வேலை செய்யறோம், லீவு நாள்லயும் கையாலயே வேலையான்னு. நியாயமான சந்தேகம்தான். அதுக்குப் பதில் தேடும்போதுதான் எனக்கு ராய் சவுத்ரி ஞாபகத்துக்கு வந்தார்.

ஜமீன் வீட்டுப் பையன்

1899 ஜூன் 15. அன்றைய வங்காளத்தின் ரங்பூர் பக்கம் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கிறது. ஆமாங்க, பனியன் ஆர்டர் அந்தப் பக்கம் போயிடுச்சுன்னு நம்ம ஊர்ல அடிக்கடி பேசுவாங்களே, அதே வங்கதேசம்தான். படிப்பெல்லாம் வீட்டிலேயே நடந்தது.

அவர் முதலில் கற்றது சிற்பம் இல்லை, ஓவியம். குருவும் சாதாரண ஆள் இல்லை. ரவீந்திரநாத் தாகூரின் குடும்பத்தைச் சேர்ந்த அபனீந்திரநாத் தாகூர். மென்மையான நீர்வண்ணம், காலைப் பனி மூட்டத்துக்குள்ள பார்க்கிற மாதிரி கரைந்து நிற்கும் உருவங்கள்... அதுதான் அன்றைய வங்காள பாணி. பையனும் அப்படித்தான் வரைந்தான், நன்றாகவே வரைந்தான். அதே பாணியில் நல்ல பேர் வாங்கி வாழ்க்கையை ஓட்டியிருக்கலாம்.

ஆனால் அவருக்கு அது போதவில்லை. ஹிரண்மய் ராய் சவுத்ரி என்ற சிற்பியிடம் போய்க் களிமண்ணில் கை வைத்தார். அதாவது, ஒரு துறையில் ஓரளவு தேர்ந்த பிறகு இன்னொரு துறையில் அ, ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். 'எனக்கு வரையவே வராது, நான் எப்படிச் சிற்பம் கத்துக்கறது'ன்னு தயங்கறீங்களா? வரையத் தெரிந்தவருக்கும் களிமண்ணில் முதல் நாள் முதல் நாள்தான். தாளில் மூக்கு வரைவது வேறு. பக்கவாட்டில் பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் மூக்காகவே இருக்கும்படி ஒன்றைக் கையால் எழுப்புவது வேறு.

இதில் ஆறுதலுக்கு இன்னொரு ஆளையும் சொல்லிடறேன். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோடின். 'சிந்தனையாளர்' சிலை செய்தவர். கையை மோவாயில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குமே, பாதி மீம்ஸ்ல வர்ற சிலை. இளவயதில் பாரீஸின் பெரிய கலைக்கல்லூரியில் சேர மூணு தடவை முயற்சி பண்ணினார். மூணு தடவையும் இடம் கிடைக்கலை. ராய் சவுத்ரியின் சிற்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ரோடின் பெயரை இழுப்பார்கள். காரணம், இரண்டு பேருமே களிமண்ணை வழவழன்னு தேய்த்து விடவில்லை. விரல் பட்ட இடம், மண் உருண்டையை ஒட்டி அழுத்திய தடம் எல்லாம் அப்படியே இருக்கும். வெயில் படும்போது அந்த மேடுபள்ளத்தில்தான் தசை துடிக்கிற மாதிரி தெரியும்.

வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். கொஞ்சம் உருவம் வந்ததுமே தண்ணியைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்க ஆரம்பிச்சிடுவோம். செல்போன் ஃபில்டர் போட்ட முகம் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயிடும்.

சென்னைக்கு வந்தார்

1920-களின் கடைசியில் அவர் சென்னைக்கு வந்தார். எழும்பூர் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கலைப் பள்ளி. இன்றைக்கு அது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் ஆரம்பித்தது. அது வரைக்கும் அதற்குத் தலைவராக இருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். அங்கே அதிகம் நடந்ததும் கைத்தொழில் பயிற்சிதான். மரவேலை, உலோக வேலை, நகை வேலை. அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்கும் முயற்சிகூட இந்தியாவில் ஆரம்ப காலத்தில் அங்கே நடந்திருக்கிறது. நம்ம வீட்டு அலுமினியச் சட்டிக்கும் ஓவியக் கல்லூரிக்கும் அப்படி ஒரு சொந்தம்!

அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர் ராய் சவுத்ரி. வயது சுமார் முப்பது. மொழி தெரியாத ஊர், பழக்கமில்லாத வெயில். ஆனால் ஓய்வு பெறும் வரைக்கும் இங்கேதான் இருந்தார். இவர் காலத்தில்தான் அந்த இடம் கைத்தொழில் பட்டறை என்ற நிலையிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் உருவாகும் இடமாக மாறியது. இவரிடம் படித்தவர்களில் ஒருவரான கே.சி.எஸ். பணிக்கர்தான் பின்னாளில், 1966-ல், சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். இன்னொரு மாணவர் எஸ். தனபால். ஓவியம் படிக்க வந்தவர், குருவைப் போலவே களிமண் பக்கம் சாய்ந்து, தமிழ்நாட்டின் முக்கியமான சிற்பியாக, அதே கல்லூரியின் முதல்வராக உயர்ந்தார்.

இனிமேல் சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ராய் சவுத்ரி மல்யுத்தம் பழகியவர். புல்லாங்குழல் வாசிப்பார். காட்டுக்குள் வேட்டைக்குப் போவார் (அந்தக் காலத்தில் அது சட்டப்படி சரி, இப்ப யாரும் முயற்சி பண்ணிடாதீங்க). வங்காளியில் சிறுகதைகள் எழுதினார். 1956-ல் சென்னையில் நடந்த அகில இந்திய வங்க இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு எழுத்தில் பேர் இருந்தது. கல்லூரி நிர்வாகம், கவர்னர்களும் பிரமுகர்களும் கேட்கும் உருவச் சிலைகள், சொந்தச் சிற்பங்கள், இதற்கு நடுவில்தான் இத்தனையும்.

'ஹாபி'ன்னா என்ன? வேலை இல்லாத நேரத்துல சும்மா இருக்கறதுன்னுதான் நாம நினைச்சுக்கறோம். இந்த மனுஷர் ஓய்வெடுத்த விதம் வேற மாதிரி. ஒரு வேலையில சோர்ந்த உடம்பையும் மனசையும் இன்னொரு வேலையில போட்டு ஆற வெச்சிருக்கார். உழைப்பாளர் சிலையின் முதுகுத் தசைகளைப் பார்க்கும்போதெல்லாம், இது உடற்கூறு புத்தகத்தைப் பார்த்துச் செஞ்சது இல்லை, மல்யுத்தக் களத்துல ஒருத்தன் முதுகைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தவன் செஞ்சதுன்னு எனக்குத் தோணும்.

ஒரு பீஸ்ல ஒரு பாகம்

இப்ப உங்க சந்தேகத்துக்கு வருவோம். வாரம் முழுக்கக் கையால வேலை, ஞாயிற்றுக்கிழமையும் கையால வேலையா?

ஒரு டி-ஷர்ட் கம்பெனிக்குள்ள எப்படி உருவாகுதுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டிங் மாஸ்டர் வெட்டுவார். ஒருத்தர் தோள் ஜாயின்ட் ஓட்டுவார். இன்னொருத்தர் கழுத்துப் பட்டி. ஓவர்லாக், ஃபிளாட்லாக், பிசிர் வெட்டறவங்க, செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம், ஒருத்தர் கை செய்யறது ஒரே ஒரு தையல்தான். அது ஆயிரம் பீஸ் ஓடும். கழுத்து ஓட்டற அக்காகிட்ட இந்தச் சட்டையை யார் செஞ்சதுன்னு கேட்டா அவங்களால நான்னு சொல்ல முடியாது. பொய் இல்லாம சொல்லணும்னா கழுத்து மட்டும் நான்னுதான் சொல்லணும். ஆபீஸ்ல உட்கார்ந்து மெர்ச்சண்டைசிங் பார்க்கறவங்களுக்கும் இதே கதைதான். பாதி மெயில், பாதி எக்ஸெல்.

களிமண் வகுப்பில் இது தலைகீழ். மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழியை வெளியேற்றுவது நீங்கதான். பலகையில் கம்பி நட்டு உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒன்று கட்டுவது நீங்கதான். மண்ணை அப்புவதும், மூக்கு கோணியதைப் பார்த்துச் சிரிப்பதும், பிய்த்துப் போட்டு மறுபடி வைப்பதும் நீங்கதான். கடைசியில் அது சுமாரான ஒரு பூனையாகவே இருக்கட்டும். வால்ல இருந்து காது வரைக்கும் உங்க பூனை. டார்கெட் கிடையாது, பீஸ் ரேட் கிடையாது, ரிஜெக்‌ஷனும் கிடையாது.

அதனால கை அதே கையா இருந்தாலும் வேலை வேற.

இது நமக்குப் புதுசும் இல்லை. திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டை பக்கம் சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கு. மாட்டுப் பொங்கல் சமயத்தில் மக்கள் மாடு கன்னு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு மண்ணால செஞ்ச மாட்டு உருவங்களைக் கொண்டு போய் வைப்பாங்க. அதுக்குக் கொங்கு நாட்டுல 'உருவாரம்'னு பேரு. பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, கட்டாயம் தெரிஞ்சிருக்கும். சிற்பம்னா மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது மட்டும்னு நாம நினைக்க ஆரம்பிச்சதுதான் புதுசு.

நகராத கல்

1950-களுக்கு முன் சென்னைத் தெருக்களில் பெரிய சிலை என்றால் யாருக்கு? ராஜா, ராணி, கவர்னர், தளபதி. தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோவைப் பார்த்திருப்பீங்க. 1839-ல் வைத்தது. ராய் சவுத்ரியும் அப்படிப்பட்ட பிரமுகர் சிலைகள் செய்திருக்கிறார், 1937-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டமும் கொடுத்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் புரட்சிக்காரராக ஆக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாடும் இருந்தது, பதவியும் இருந்தது.

ஆனால் தன் விருப்பத்துக்குச் செய்யும்போது அவர் கை வேறு ஆட்களைத் தேடிப் போனது. குளிரில் நடுங்கும் வயதான உடம்பு. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் சாப்பாடு இல்லாமல் செத்தார்கள். இவர் அப்போது சென்னையில் இருந்தார், ஆனால் செத்துக்கொண்டிருந்தது அவர் பிறந்த மண். பசியில் ஒட்டி உலர்ந்த மனிதர்களை பிறகு வெண்கலத்தில் செய்தார். வீட்டு ஹாலில் அழகுக்கு வைக்கிற பொருள் இல்லை அது.

பிறகு உழைப்பாளர் சிலை. நான்கு பேர். இடுப்பில் துண்டுத் துணி. ஒரு பெரிய பாறையை நெம்புகோல் போட்டு நகர்த்தப் பார்க்கிறார்கள். நான்கு உருவங்களுக்கும் மாடலாக நின்றவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சென்னையில் சொல்வார்கள். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், மெரினாவில் அதை நிறுவினார்கள். இடமும் பொருத்தமான இடம். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினத்தைக் கொண்டாடியது அந்தக் கடற்கரையில்தான். இதே சிற்பத்தின் இன்னொரு வார்ப்பு டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தின் தோட்டத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சிலைக்கு உழைப்பின் வெற்றி என்று பொருள்படும் பெயர். ஆனா அடுத்த தடவை போனா நல்லா உத்துப் பாருங்க. கல் இன்னும் நகரவே இல்லை. எல்லா உடம்பும் முறுக்கேறி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, இதோ இப்ப நகரப் போகுதுங்கிற நொடியில நிக்குது. ஜெயிச்சு முடிச்சுக் கையைத் தூக்கிக் காட்டற மாதிரி அவர் செஞ்சிருக்கலாம், செய்யலை.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிடறேன். நாலு பேருக்கும் ஜிம் பாடி. நம்ம ஊர்ல எந்த உழைப்பாளிக்கு அப்படி உடம்பு இருக்கு? குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலி வந்தவங்க, பஞ்சுத் தூசியில இருமறவங்கதான் நமக்குத் தெரிஞ்ச உழைப்பாளி. அதோட அந்த நாலு பேர்ல ஒரு பொண்ணு இல்லை. சித்தாள் வேலை பார்க்காத பொண்ணுங்களா 1950-கள்ல? இன்னைக்குத் திருப்பூர்ல ஏதாவது ஒரு கம்பெனி கேட்ல சாயங்காலம் நின்னு பாருங்க, வெளியே வர்ற கூட்டத்துல எத்தனை பேர் பொண்ணுங்கன்னு. அந்தச் சிலையை யாராவது ஒரு திருப்பூர்ப் பொண்ணு களிமண்ணுல மறுபடி செஞ்சு பார்த்தா நல்லா இருக்கும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை.

கொடியோட ஏழு பையன்கள்

குமரன் நினைவகத்தைத் தாண்டித்தானே தினமும் ஸ்டேஷனுக்குப் போறீங்க? 1932 ஜனவரியில கொடியைக் கையில பிடிச்சபடி போலீஸ் அடி வாங்கி, மறுநாள் உயிரை விட்ட குமரன். அதே மாதிரி ஒரு கதை பாட்னாவிலும் உண்டு. 1942 ஆகஸ்ட் 11, வெள்ளையனே வெளியேறு போராட்டம். தலைமைச் செயலகக் கட்டடத்தில் தேசியக் கொடி ஏற்றப் போன மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் நினைவுச் சின்னம் செய்யும் பொறுப்பு ராய் சவுத்ரியிடம் வந்தது.

ஏழு பையன்களையும் அவர் வரிசையாக விறைப்பாக நிற்க வைக்கவில்லை. கொடியோடு ஒருவன் முன்னால் போகிறான். பின்னால் வருகிறவர்களில் சிலர் சரிகிறார்கள், விழுகிறார்கள். கொடி மட்டும் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. இத்தாலியில் வெண்கலமாக வார்த்துக் கொண்டுவந்து, 1956-ல் பாட்னாவில் நிறுவினார்கள். ஏழு பேரையும் ஒரே ஓட்டத்தில் கட்டும் இந்த உத்திதான் பிறகு தண்டி யாத்திரைச் சிலையில் பதினொரு பேராக வளர்ந்தது என்று எனக்குப் படுகிறது.

களிமண் எப்படி வெண்கலமாக மாறுகிறது என்று வகுப்பில் கட்டாயம் கேட்பீங்க. சுருக்கமா சொல்றேன். முதலில் களிமண்ணில் முழு உருவமும் செய்வார்கள். அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்துப் பூசி, இறுகியதும் பாகம் பாகமாகக் கழற்றுவார்கள். அதுதான் அச்சு. உள்ளே இருந்த களிமண் உருவம் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சிதைந்துவிடும். அச்சுக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றினால் வெள்ளை உருவம் கிடைக்கும். அதை வைத்து வார்ப்புப் பட்டறையில் வெண்கலம் ஊற்றுவார்கள். நம்ம சுவாமிமலை ஸ்தபதிகள் முறை வேறு. அவர்கள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடிச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் போய் நிறையும். அங்கே உருகிப் போவது மெழுகு, இங்கே உடைந்து போவது களிமண்.

ஆக, மெரினாவில் நாம் பார்ப்பது எதுவும் ராய் சவுத்ரியின் விரல் நேராகத் தொட்ட பொருள் இல்லை. அவர் தொட்ட மண் எப்போதோ உடைந்து, ஊறி, அடுத்த சிற்பத்துக்குப் பிசையப்பட்டிருக்கும். விரல் தடம் மட்டும் வெண்கலத்தில் தங்கியிருக்கிறது. நாலு ஞாயிறு உட்கார்ந்து செஞ்ச பூனை சூளையில வெடிச்சுப் போச்சுன்னா நீங்க அழற மாதிரி ஆயிடும். ஆனா மண்ணு ரொம்ப தடிமனா இருந்து ஈரம் போகாம இருந்தா வெடிக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் ஓரளவு காய்ஞ்சதும் அடியில குடைஞ்சு உள்ளே வெற்றிடம் ஆக்கச் சொல்லித் தருவாங்க. தலை ஒண்ணு செஞ்சுட்டு அதோட மூளையை நாமே தோண்டி எடுக்கற வேலை. கொஞ்சம் பயமா இருக்கும், பழகிடும்.

கடைசி ஊர்வலம்

சுதந்திரத்துக்குப் பிறகு மரியாதைகள் வரிசையாக வந்தன. 1954-ல் லலித் கலா அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர். 1955-ல் டோக்கியோவில் நடந்த யுனெஸ்கோ கலைக் கருத்தரங்குக்குத் தலைமை. 1958-ல் பத்ம பூஷண். 1962-ல் லலித் கலா அகாடமியின் ஃபெலோஷிப். மெரினாவில் இருக்கும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். ஒரு கால் முன்னால் வைத்து வேகமாக நடக்கிற காந்தி. காலைல வாக்கிங் போறவங்களுக்கு அதைத் தாண்டி நின்னு மூச்சு வாங்கவே கூச்சமா இருக்கும்.

அவருடைய மாணவர்கள் காலம் வந்ததும் கலை வேறு பக்கம் திரும்பியது. பணிக்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுத்து, கோடு, யந்திரம், நாட்டார் வடிவம் என்று புதிய வழிகளைத் தேடினார்கள். உள்ளதை உள்ளபடி செய்யும் குருவின் பாணி பழசு என்று ஆகிவிட்டது. தான் வளர்த்த பள்ளி தன் வழியில் வராமல் போவதை அவர் கண் முன்னாலேயே பார்த்தார். ஒரு வாத்தியாருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அவர் கை நிற்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியும் அந்தப் பதினொரு பேரின் ஊர்வலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1975 அக்டோபர் 15-ல் இறந்தார், வயது 76. டெல்லியில் கியாரா மூர்த்தி நின்றதை அவர் பார்க்கவில்லை. அது நிறுவப்பட்டது அவர் போன பிறகுதான். அதற்கும் பிறகு அது ரூபாய் நோட்டில் ஏறி, நாடு முழுக்கக் கை மாறி, நம்ம ஊர்ச் சனிக்கிழமைச் சம்பளக் கவருக்குள்ளயும் வந்தது. நோட்டில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது. கழுத்து ஓட்டற அக்கா பேரு டி-ஷர்ட்ல இல்லாத மாதிரி.

சரி, இந்த ஞாயிறு முதல் வகுப்புக்குப் போறீங்கன்னா சில விஷயம். பழைய சட்டை போட்டுக்கோங்க, நகத்தை வெட்டிக்கோங்க, மோதிரத்தைக் கழட்டிடுங்க. முதல் நாளே முகம் செய்ய ஆசைப்படாதீங்க. உங்க இடது கையை மேஜை மேல வெச்சு, அதைப் பார்த்து வலது கையால செய்யுங்க. மாடலுக்குக் காசு கிடையாது, நகரவும் நகராது. உருவத்தை ஒரே பக்கம் பார்த்தே செஞ்சிட்டு இருக்காம பலகையை அடிக்கடி திருப்பிக்கோங்க. போனை அரை மணி நேரம் பையிலயே விட்டுடுங்க. கை முழுக்கச் சேறு இருக்கும்போது எப்படியும் ஸ்க்ரீன் உங்களை மதிக்காது.

பாதி முடிஞ்சு கிளம்பற நேரத்துல மண்ணை அப்படியே விட்டுட்டு வந்துடாதீங்க. காய்ஞ்சா விரிசல் விட்டுடும், அதுக்கப்புறம் புது மண்ணு ஒட்டாது. ஈரத்துணி சுத்தி, மேல பாலித்தீன் கவர் போட்டுக் கட்டணும். நல்லாத் தண்ணி பிடிக்கிற காட்டன் துணிதான் வேணும். அதுக்கு மத்த ஊர்க்காரங்க கடைக்குப் போகணும், உங்களுக்கு என்ன, பனியன் வேஸ்ட் மூட்டையில இருந்து ஒரு கை எடுத்துட்டுப் போங்க. திங்கட்கிழமை எட்டரைக்கு ஷிப்ட். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தக் கை காயாம இருக்கணும்.